டெல்ஃபீன் செரிக் நடிப்பை விட்டாரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். பெண் இயக்குநர்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைப் படித்துவிட்டு, ஷந்தால் அகர்மானின் ‘ழான் தீல்மான்’ படத்தைத் தேடிப்பிடித்தேன். 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படமாக முதலிடம் பெற்றது என்பதால் ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. ஒரு பெண் உருளைக்கிழங்கு வேகவைக்கிறாள். குளிக்கிறாள், குளித்த தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறாள். மகனுக்கு சூப் ஊற்றுகிறாள். ஒவ்வோர் அறையை விட்டு வரும்போதும் விளக்கை அணைக்கிறாள். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் அம்மா செய்வதைக் கேமரா வைத்து எடுத்தால் போதாதா?

அதில் நடித்த டெல்ஃபீன் செரிக்கைப் பற்றியும் தேடிப் படித்தேன். அறுபதுகளில் பிரெஞ்சு சினிமாவின் பெரிய பெயர்களோடு வேலை செய்தவர், வெனிஸ் திரைப்பட விழாவில் விருது வாங்கியவர், பிறகு பெண்ணிய இயக்கம், வீடியோ என்று போய்விட்டார் என்று தெரிந்துகொண்டேன். எங்கள் திரைப்பட வட்டத்தில் மூத்த நண்பர் ஒருவர், “இயக்கம் ஒரு நல்ல நடிகையைத் தின்றுவிட்டது” என்கிறார். அப்படித்தானா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
கா.,
திருநெல்வேலி

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் நிறுத்திய இடம் முதல் நாள் இரவு. அந்தப் படம் மூன்று நாள் கதை, 201 நிமிடம். முதல் நாள் முழுக்க அகர்மான் அந்த வீட்டின் ஒழுங்கை நம் கண்ணுக்குப் பழக்குகிறார். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எந்தப் பாத்திரம் எங்கே இருக்கும், மதியம் வந்துபோகும் ஆண் கொடுக்கும் பணம் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் பீங்கான் பாத்திரத்துக்குள் எப்படிப் போகிறது, அதன் மூடி எப்படித் திரும்ப வைக்கப்படுகிறது என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம் ஆகிவிடும். கதை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால்தான் எழுந்து போகிறார்கள்.

இரண்டாம் நாள் மதியம் வந்தவர் போனதும் அவள் சமையலறைக்கு வருகிறாள். உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் வெந்து கெட்டுவிட்டது. வேறு படத்தில் இது ஒரு விஷயமே இல்லை. முதல் நாளைப் பொறுமையாகப் பார்த்தவருக்கோ அடிவயிறு கலங்கும். பாத்திரத்தைக் கையில் எடுக்கிறாள். அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டே நடைவழியில் போகிறாள், குளியலறைக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள். அந்த முகத்தில் அழுகை இல்லை, பதற்றம் இல்லை. எல்லாமே நடையில் இருக்கிறது. முதல் நாள் சீராக விழுந்த செருப்புச் சத்தம் இப்போது எங்கோ ஓரிடத்தில் தயங்கி விழுகிறது. பணம் போட்ட பாத்திரத்துக்கு மூடி வைக்க மறந்துவிடுகிறாள். தலைமுடி கலைந்திருப்பதை மாலையில் மகன்தான் சொல்கிறான்.

பிறகு வேறு உருளைக்கிழங்கு வாங்கி வந்து, நமக்கு நேரே உட்கார்ந்து தோல் சீவுகிறாள். அந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். கத்தி முதலில் பழக்கத்தில் ஓடுகிறது. நடுவில் ஒரு கிழங்கில் கை மெதுவாகிறது, நின்றுவிடுகிறது. அவள் எதையோ நினைக்கிறாள், என்னவென்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. பிறகு கத்தி தேவைக்கு மேல் அழுத்தமாக இறங்குகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை கையை விட்டு நழுவுவதை ஒரு கிழங்கையும் ஒரு கத்தியையும் வைத்துக் காட்டுகிறார் செரிக். வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது, முகத்துக்கு அருகே போகும் ஷாட் கிடையாது. நடிகர்களுக்கு வழக்கமாகக் கைகொடுக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகும் இவ்வளவு வருகிறது.

மூன்றாம் நாள் காலை காப்பிக் காட்சியும் அப்படித்தான். ஃபிளாஸ்கில் இருந்த காப்பி சரியில்லை. பால் சேர்த்துப் பார்க்கிறாள், கொட்டுகிறாள், மறுபடி முதலிலிருந்து தூள் போட்டு வெந்நீர் ஊற்றுகிறாள். காப்பியில் கோளாறு இல்லை என்பது நமக்குப் புரியும்போது அவளுக்கும் புரியத் தொடங்கியிருக்கும்.

அம்மா செய்வதைக் கேமரா வைத்து எடுத்தால் போதாதா என்று கேட்டீர்கள். இதற்கு அகர்மானே ஒரு பேட்டியில் பதில் சொல்லியிருக்கிறார். பாத்திரம் கழுவிப் பார்த்துப் பழகிய ஒருவர் பாத்திரம் கழுவினால் நம் கண்ணுக்கு அவர் தெரியவே மாட்டார், வீட்டு ஆண்களுக்கு மனைவி தெரியாததுபோல. அதனால் பாத்திரம் கழுவி நாம் பார்த்தே இராத ஒருத்தி தேவைப்பட்டாள் என்றார். 1975-இல் பிரெஞ்சுப் பார்வையாளர்களுக்கு டெல்ஃபீன் செரிக் என்றால் மாளிகை, இறகு வைத்த ஆடை, யாரும் தொட முடியாத ஒரு சீமாட்டி. அந்தப் பெண் முழங்கை வரை மாவாக நின்று இறைச்சித் துண்டைப் புரட்டினால் பார்க்காமல் இருக்க முடியாது.

இதை எடுத்தபோது அகர்மானுக்கு வயது 24. செரிக் 42-ஐக் கடந்தவர். படப்பிடிப்புக் குழுவில் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்த். செரிக்கின் வாழ்க்கைத்துணையான நடிகர் சாமி ஃப்ரே அந்த நாட்களை வீடியோவில் பதிவு செய்திருக்கிறார், அது பின்னாளில் தனிப் படமாகவே வந்தது. அதில் செரிக் விடாமல் கேள்வி கேட்கிறார். இந்தப் பெண் இப்போது ஏன் உட்கார்கிறாள், உட்கார்ந்து என்ன நினைக்கிறாள், தலையை எப்படி வாருவாள்? அகர்மானுக்குச் சில கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. அவருக்குத் தெரிந்தது கால அளவு. எவ்வளவு நேரம், எவ்வளவு மெதுவாக என்று சொல்கிறார். செரிக்குக்குக் காரணம் வேண்டும். காரணம் தேடும் நடிகையும் காலத்தை அளக்கும் இயக்குநரும் மாறி மாறி இழுத்ததில்தான் அந்தத் தோல் சீவும் கை பிறந்தது. உங்கள் அம்மாவின் கைக்கு வேலை தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலையைக் குறிப்பிட்ட நொடியில், குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் மறந்து காட்ட ஒரு நடிகை வேண்டும்.

இனி அந்தச் சீமாட்டி எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம்.

செரிக் 1932 ஏப்ரல் 10 அன்று பெய்ரூட்டில் பிறந்தார். அப்பா ஆன்ரி செரிக் தொல்லியலாளர், சிரியா, லெபனானில் பிரெஞ்சு அரசின் தொல்பொருள் துறையை நடத்தியவர். அம்மா எர்மின் த சசூர், மொழியியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சசூரின் சகோதரர் மகள். இந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. 1920-களில் பெண்கள் மட்டுமே ஓட்டிய பாய்மரப் படகில் மத்தியதரைக் கடலைச் சுற்றியவர். கூடச் சென்ற உயிர்த்தோழி சுவிட்சர்லாந்தின் எலா மையார். பெரிய பயணியாகவும் எழுத்தாளராகவும் ஆன அதே மையார்தான் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தின் அருகே ஒரு பூனையோடு வாழ்ந்தவர். தோழிகள் இருவரும் பசிபிக் வரை போகத் திட்டமிட்டிருந்தார்கள். எர்மினின் உடல்நலமும் பிறகு திருமணமும் வந்து அது நின்றுபோனது. கடலை விட்டு வந்த ஒரு பெண்ணின் மகள் செரிக் என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நாடகப் பயிற்சி பிரான்சில், ழான் தாஸ்தே நடத்திய சேந்த்-எத்தியேன் நாடகக் குழுவில். அமெரிக்க ஓவியர் ஜாக் யங்கர்மேனை மணந்து 1956-இல் நியூயார்க் போனார், ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நடிப்புப் பயிற்சிக் களத்தில் லீ ஸ்ட்ராஸ்பெர்க்கின் வகுப்புகளைக் கவனித்தார். அங்கே இப்சன் நாடகம் ஒன்றில் நடித்தபோது பார்த்துவிட்டு பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனே அழைத்ததுதான் ‘மரியன்பாத்தில் சென்ற ஆண்டு’. 1961-இல் வெனிஸில் முதல் பரிசான தங்கச் சிங்கத்தை வாங்கிய படம். அதில் அவருடைய பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரு மாளிகை விடுதியில், சிலைகளுக்கு நடுவே, ஒரு கையைத் தோள்மேல் வைத்தபடி நிற்பார். சென்ற ஆண்டு நாம் சந்தித்தோம் என்று ஓர் ஆண் அவளிடம் படம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் யார் என்பதை அவன்தான் தீர்மானிப்பான். அந்தப் படம் மகத்தான படம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அந்தக் கைவைப்பு செரிக்கின் கழுத்தில் பல ஆண்டு தொங்கியது. வருகிற வேடமெல்லாம் அதே புகைமூட்டத்துக்குள் இருக்கும் பெண்.

அதிலிருந்து அவர் முதலில் வெளியேறியதும் ரெனே படத்தில்தான். ‘மூரியேல்’, 1963. பூலோங்-சுர்-மேர் என்ற துறைமுக ஊரில், குடியிருக்கும் வீட்டிலேயே பழைய மரச்சாமான் விற்கும் நடுவயது விதவை எலேன். அவள் உட்காரும் நாற்காலியும் சாப்பிடும் மேசையும் விற்பனைக்கு. கணவனின் முந்தைய தாரத்து மகன் அல்ஜீரியப் போரில் செய்துவிட்டு வந்ததை நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பான். செரிக்குக்கு அப்போது 31 வயது. நரைத்த முடி, அவசர நடை, பேச்சை முடிக்காமல் அடுத்த அறைக்கு ஓடுவது, சூதாட்ட விடுதிக்கு ஓடுவது என்று தன்னைவிட மூத்த ஒருத்தியை உடம்பால் கட்டி எழுப்பினார். வெனிஸில் சிறந்த நடிகை விருது அதற்குத்தான். ழான் தீல்மானை விளங்கிக்கொள்ள ‘மரியன்பாத்’ உதவாது, ‘மூரியேல்’ உதவும். இரண்டிலும் ஒரு வீடு, ஒரு தாய் ஸ்தானம், கைக்கு எந்நேரமும் வேலை.

குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். செல்லோ வாத்தியத்தோடு ஒப்பிட்டு எழுதாத பிரெஞ்சு விமர்சகர் குறைவு. கொஞ்சம் தாழ்ந்த, இழுத்து அவிழ்கிற குரல். அதற்காகவே அவரைக் கூப்பிட்டார்கள். ழாக் தெமியின் ‘கழுதைத் தோல்’ படத்தில் தேவதையாக வந்தார், பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு அவர் அந்தத் தேவதைதான். இயக்குநர் லூயி புனுவலின் படங்களில் வந்தார். ஃப்ரான்சுவா த்ரூஃபோவின் ‘திருட்டு முத்தங்கள்’ படத்தில், 1968-இல், செருப்புக் கடைக்காரர் மனைவியாக வந்தார். கடையில் வேலைக்கு வந்த இளைஞன் அவளை மானிடப் பிறவியாகவே நினைப்பதில்லை, ஏதோ ஒரு தெய்வத் தோற்றம் என்கிறான். ஒருநாள் காலை அவள் நேராக அவன் அறைக்கே வந்து, நான் தோற்றம் இல்லை, ஒரு பெண், அதற்கு நேரெதிர் என்று சொல்கிறாள். செரிக்கின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது அந்த வசனம் எழுதியவர் நினைத்ததைவிட அதிக தூரம் போயிருக்கிறது.

உங்கள் நண்பர் சொல்லும் ‘இயக்கம்’ 1971-இல் வருகிறது. அப்போது பிரான்சில் கருக்கலைப்பு குற்றம். 343 பெண்கள், நானும் கருக்கலைப்பு செய்துகொண்டவள் என்று பெயர் போட்டு ஒரு வாரப் பத்திரிகையில் அறிக்கை விட்டார்கள், ஏப்ரல் 5 அன்று. எழுதியவர் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் த பொவ்வார். செரிக் கையெழுத்திட்டார். அது ஆதரவுக் கையெழுத்து போன்றதல்ல தம்பி, வழக்குப் போடு என்று அரசிடம் நீட்டும் ஒப்புதல் வாக்குமூலம். அடுத்த ஆண்டு பாரிஸை ஒட்டிய பொபிஞியில், வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவைக் கலைத்த ஒரு சிறுமிமீதும் உதவிய தாய்மீதும் வழக்கு நடந்தபோது, வழக்கறிஞர் ழிசேல் அலிமியின் தரப்பில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனார். 1975 ஜனவரியில் கருக்கலைப்பை அனுமதிக்கும்படி சட்டம் மாறியது.

இப்போது உங்கள் நண்பரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். 1973-இல் செரிக் ‘தி டே ஆஃப் த ஜக்கால்’ என்ற பெரிய வணிகப்படத்தில் நடித்தார். கோட்டை வீட்டில் வாழும் சீமாட்டி, கொலைகாரனோடு படுக்கிறாள், அவன் கையாலேயே சாகிறாள். உலகம் முழுக்க ஓடிய படம், அவருக்குச் செய்ய அதில் ஒன்றுமில்லை. இரண்டே ஆண்டு கழித்து, 1975 மே, கான் திரைப்பட விழா. அங்கே அவர் நடித்த மூன்று படங்கள் திரையிடப்படுகின்றன. ‘ழான் தீல்மான்’. லிலியான் த கெர்மதெக்கின் ‘அலோயிஸ்’, மனநல விடுதியில் வாழ்நாளைக் கழித்த சுவிஸ் ஓவியரைப் பற்றியது. அதில் இளவயது அலோயிஸாக வருபவர் அன்று பெயர் தெரியாத இசபெல் உப்பேர். மூன்றாவது, மார்கெரித் துராஸின் ‘இந்தியா சாங்’. மூன்றையும் இயக்கியவர்கள் பெண்கள். இயக்கம் தின்றது என்று சொல்லப்படும் நடிகையின் உச்சம், இயக்கத்தில் இறங்கி நான்கு ஆண்டு கழித்து வருகிறது. எந்த இயக்குநர்களோடு வேலை செய்வது என்பதை அவர் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதால் வந்த உச்சம் அது.

‘இந்தியா சாங்’ பற்றி இரண்டு வார்த்தை. கதை 1937-இன் கல்கத்தா, பிரெஞ்சுத் தூதர் மனைவியாக செரிக். படம் பிடித்தது பாரிஸை ஒட்டிய ஒரு பாழடைந்த மாளிகையில். நடிகர்கள் திரையில் வாய் திறப்பதில்லை. முன்கூட்டியே பதிவு செய்த குரல்களைப் படப்பிடிப்பில் ஓடவிட்டு, அதற்குள் அவர்கள் நடமாடினார்கள். அந்தக் குரலையும் அந்த உடம்பையும் தனித்தனியே பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்று செய்து பார்த்த படம், அழகில் குறை சொல்ல முடியாது. எனக்கு அதோடு ஒரு தீராத வழக்கு உண்டு. கல்கத்தா அதில் வெறும் சத்தம். பிச்சைக்காரிக்குக் குரல் இருக்கிறது, முகம் இல்லை. வெள்ளை மாளிகையின் துக்கத்துக்கு நம் ஊர் வெப்பம் திரைச்சீலையாகிறது. செரிக்கும் அதில் மறுபடி ஒரு தோற்றமாகிறார். அதே ஆண்டில் அகர்மான் அவரை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனதை நான் பெரிதாக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடியோவுக்கு வருகிறேன். கரோல் ரூசோபூலோஸ் என்ற சுவிஸ் பெண், பிரான்சில் சோனியின் கையடக்க வீடியோக் கருவியை முதலில் வாங்கிய ஒரு சிலரில் ஒருவர். அவரிடம் செரிக்கும் தோழி யோவானா வீடரும் கருவியைக் கற்றுக்கொண்டார்கள். புதிய கருவி என்பதால் அதில் ஆண் மேதைகள் இன்னும் உருவாகியிருக்கவில்லை, யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 1975-ஆம் ஆண்டு சர்வதேச மகளிர் ஆண்டாக முடிந்தபோது, தொலைக்காட்சியில் பெர்னார் பிவோவின் நிகழ்ச்சியில் மகளிர் நிலைக்கான அமைச்சர் ஃப்ரான்சுவாஸ் ழிரூவை உட்காரவைத்துப் பெண்களை மட்டம் தட்டும் ஆண்கள் பேசினார்கள். அதைப் பதிவு செய்து, நடுநடுவே நிறுத்தி, கையால் எழுதிய அட்டைகளைச் செருகிப் பதில் சொன்னார்கள் இந்தப் பெண்கள். இன்றைக்கு எல்லோரும் கைபேசியில் செய்வதை 1976-இல் செய்துவிட்டார்கள்.

செரிக் தானே இயக்கியது ‘அழகாய் இரு, வாயை மூடு’. எடுத்தது 1970-களின் நடுவில், வெளியானது 1981. பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகளை எதிரே உட்காரவைத்துப் பேசவிடுகிறார். மரியா ஷ்னைடர், ஜேன் ஃபோண்டா, ஷர்லி மெக்லைன், எலன் பர்ஸ்டின், ழூலியே பெர்த்தோ. நீ ஆணாகப் பிறந்திருந்தால் நடிக்க வந்திருப்பாயா? இன்னொரு பெண்ணோடு அன்பாகப் பேசுகிற ஒரு காட்சி உனக்குக் கிடைத்திருக்கிறதா? கேள்விகள் இவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்குப் பலர் யோசித்து யோசித்துப் பார்க்கிறார்கள், ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. ஃபோண்டா தன் முதல் ஒப்பனைச் சோதனையைச் சொல்கிறார். முடிக்குப் பொன்னிறச் சாயம், பொய் மார்பு, கன்னம் ஒட்டித் தெரிய தாடையை உடைத்துச் சரிசெய்வது என்று அவர் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டே பட்டியல் போட்டிருக்கிறார்கள். இதை நடிப்புக்கு வெளியே உள்ள விஷயம் என்று உங்கள் நண்பர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நடிகையின் முகத்தை யார் தீர்மானிப்பது, அவளுக்கு எழுதப்படுவதை யார் எழுதுவது என்று கேட்பது நடிப்பைப் பற்றிய கேள்விதான். இருபது ஆண்டாக அதே முகத்தை வைத்து வேலை செய்த ஒருவருக்கே அதைக் கேட்கத் தோன்றும்.

1982-இல் செரிக், ரூசோபூலோஸ், வீடர் மூவருமாகச் சேர்ந்து சிமோன் த பொவ்வார் பெயரில் ஒலி-ஒளி மையம் தொடங்கினார்கள், பெண்கள் எடுத்த, பெண்களைப் பற்றிய படங்களைச் சேமித்து வைக்க. அவர்கள் எடுத்தவை இன்று நமக்குக் கிடைப்பதற்கு அந்த மையமே காரணம்.

விலை இல்லாமல் போகவில்லை. பெரிய பிரெஞ்சுப் படங்களில் அவரைப் பார்ப்பது குறைந்தது, அந்த அளவுக்கு நண்பர் சொல்வது சரி. நடிப்பு மட்டும் நிற்கவில்லை. மேடையில் தொடர்ந்து நடித்தார். ஜெர்மன் இயக்குநர் உல்ரிக்கே ஓட்டிங்கரின் மூன்று படங்களில் வந்தார். அகர்மானின் ‘கோல்டன் எய்ட்டீஸ்’ என்ற இசைப்படத்தில், 1986-இல், வணிக வளாகத் துணிக்கடைக்காரியாக வருகிறார். அவள் பெயரும் ழான்தான். கடைசிப் படம் 1989-இல் ஓட்டிங்கரின் ‘மங்கோலியாவின் யோவான்னா’. சைபீரிய ரயிலில் போகும் பெண்களை ஒரு மங்கோலிய இளவரசி கடத்திப்போகிறாள். கடத்தியவர்களின் மொழி தெரிந்த, இனவரைவியல் ஆய்வாளரான சீமாட்டியாக செரிக். அடுத்த ஆண்டு அக்டோபர் 15 அன்று பாரிஸில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 58.

முதலில் ‘மூரியேல்’ பாருங்கள். பிறகு ‘ழான் தீல்மான்’ படத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து, முடிந்தால் ஒரே அமர்வில். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம், முதல் நாளின் ஒழுங்கு உங்கள் கண்ணில் புதிதாக இருந்தால்தான் அடுத்தது உறைக்கும். பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கதவுக்கு வெளியே கேட்கும், அது அகர்மானின் குரல். மூன்றாம் நாள் மதியம் நடப்பதை நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் நண்பரையும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா